வீட்டில் படிக்கும் பிள்ளைகளுக்கு உணவு, ஊட்டச்சத்துப் பாடம்: காசில்லாமல் இணையத்தில் என்ன கிடைக்கும்?

வேப்பம்பூ | ஈரோடு | ஜூலை 6

வணக்கம். பெரியவளுக்கு 13, சின்னவனுக்கு 8. இரண்டு வருஷமாக வீட்டிலேயேதான் படிப்பு. கணக்கும் தமிழும் ஒரு வழியாக ஓடுகின்றன. அடுத்த மூன்று மாதத்துக்கு உணவையே பாடமாக எடுத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். காரணம் ஒரு பிஸ்கட் பாக்கெட். "மேல கோதுமைக் கதிர் படம் போட்டிருக்கு, கோதுமை நல்லதுன்னு நீதானே சொன்ன, அப்புறம் ஏன் வேண்டாங்கற?" என்று சின்னவன் கேட்டான். "சொன்னா கேளு" என்பதைத் தவிர என்னிடம் பதில் இல்லை.

இணையத்தில் தேடினால் வந்து விழுவதெல்லாம் அமெரிக்கப் பயிற்சித்தாள்கள். ப்ராக்கோலி, ப்ளூபெர்ரி, தட்டுக்குப் பக்கத்தில் ஒரு டம்ளர் பால். ஒன்றை அச்செடுத்துக் கொடுத்தேன். அழகாக வண்ணம் தீட்டி முடித்துவிட்டு, "இதுல சோறு எங்கம்மா?" என்றான். காசு கட்டும் ஆன்லைன் வகுப்பு ஒன்றையும் பார்த்தேன். எட்டு வகுப்புக்கு 6,000 ரூபாய். மாதிரி வகுப்பில் பாதி நேரம் அவர்கள் விற்கிற சத்துமாவைப் பற்றியே பேச்சு.

இலவசமாக இருக்க வேண்டும், தமிழில் இருந்தால் நல்லது. பெரியவள் ஆங்கிலத்திலும் படிப்பாள். யாராவது பயன்படுத்திப் பார்த்தது இருந்தால் சொல்லுங்களேன்.

கணக்கு வாத்தியார் | கும்பகோணம் | ஜூலை 6

நம் காலடியில் கிடப்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்மா. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் முழுவதும் பிடிஎஃப் ஆக இலவசம். 6ஆம் வகுப்பு அறிவியலில் உடல்நலம், சுகாதாரம் பற்றிய பாடத்தில் வைட்டமின்கள், குறைபாட்டு நோய்கள் எல்லாம் வந்துவிடும். 9ஆம் வகுப்பில் ஊட்டச்சத்துப் பாடம் தனியாக இருக்கிறது. உணவுப் பதப்படுத்தல், கலப்படம் வரை போகும். பெரியவளுக்கு அது சரியாக இருக்கும். நடை கொஞ்சம் கரடுமுரடுதான். நீங்கள் ஒருமுறை படித்துவிட்டு வாய்மொழியாகச் சொல்லுங்கள்.

மத்திய அரசின் பாடநூல் அமைப்பான என்சிஇஆர்டியின் புதிய 6ஆம் வகுப்பு அறிவியல் புத்தகத்தையும் இறக்கிக்கொள்ளுங்கள். அதன் மூன்றாம் பாடம் முழுக்க உணவுதான். ஒவ்வொரு மாநிலத்திலும் என்ன விளைகிறது, என்ன சாப்பிடுகிறார்கள் என்பதில் தொடங்கி, உணவு வயலிலிருந்து தட்டுக்கு வர எத்தனை தூரம் பயணப்படுகிறது என்பது வரை நன்றாக எழுதியிருக்கிறார்கள்.

அதில் இருக்கும் மாவுச்சத்துச் சோதனையை எட்டு வயதுப் பையன் விடவே மாட்டான். மருந்துக் கடையில் புண்ணுக்குப் போடுகிற போவிடோன் அயோடின் வாங்குங்கள். நாலைந்து சொட்டைத் தண்ணீரில் விட்டால் வெளிறிய தேநீர் நிறம் வரும். சோறு, உருளைக்கிழங்குத் துண்டு, வெள்ளரி, தயிர், சர்க்கரை எல்லாவற்றிலும் ஒவ்வொரு சொட்டு. சோறும் கிழங்கும் கருநீலமாகும், சர்க்கரை ஆகாது. கொழுப்புக்குப் பழைய நோட்டுத் தாள் போதும். வேர்க்கடலையை நசுக்கித் தேய்த்து, காய்ந்தபின் வெளிச்சத்தில் பிடித்தால் கறை கண்ணாடி மாதிரி தெரியும். புரதச் சோதனைக்கு மயில்துத்தமும் காஸ்டிக் சோடாவும் வேண்டும். அதை மட்டும் வீட்டில் செய்யாதீர்கள், காணொளியில் பார்த்தால் போதும். சோதித்த உணவு குப்பைக்கு, வாய்க்கு அல்ல. இதை மூன்று முறை சொல்லவும்.

தட்டும் தராசும் | சென்னை | ஜூலை 7

நான் உணவியல் நிபுணர், மருத்துவமனை வேலை. வாத்தியார் சார் சொன்னதோடு இன்னும் இரண்டு ஆவணங்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டும் ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் வெளியிட்டவை.

ஒன்று, 2024 மே மாதம் வந்த இந்தியர்களுக்கான உணவு வழிகாட்டி. 17 வழிகாட்டுதல்கள். இணையத்தில் இலவசம். அதில் 'ஒரு நாள் தட்டு' இருக்கிறது. 2,000 கிலோகலோரி தேவைப்படும் பெரியவர் ஒருவருக்குத் தானியம் 250 கிராம், பருப்பு வகை 85, கீரை 100, மற்ற காய்கள் 300, பழம் 100, கொட்டைகளும் விதைகளும் 35, எண்ணெய் 27 கிராம், பால் அல்லது தயிர் 300 மில்லி. எல்லாம் சமைப்பதற்கு முந்தைய எடை. இதைக் கவனிக்காமல் 250 கிராம் சோறு என்று எடுத்துக்கொண்டால் கணக்கே தலைகீழாகிவிடும். குழந்தைகளுக்கு வயதுவாரியாக வேறு அட்டவணைகள் உள்ளே இருக்கின்றன. பையனுக்கு அதைப் பாருங்கள்.

இன்னொன்று, 2017இல் வந்த இந்திய உணவுச் சத்து அட்டவணை. நம் நாட்டுச் சந்தைகளில் வாங்கிய 528 உணவுகளைச் சோதித்துப் போட்டிருக்கிறார்கள். கேழ்வரகு, கம்பு, அகத்திக்கீரை, முருங்கைக்கீரை எல்லாம் உண்டு. ப்ளூபெர்ரித் தாளைத் தூக்கிப் போட்டுவிட்டு இதிலிருந்து பத்துப் பொருளை எடுத்து நீங்களே அட்டைகள் செய்யுங்கள். 100 கிராம் கேழ்வரகில் கால்சியம் 364 மில்லிகிராம், பசும்பாலில் 118. எங்கள் வீட்டில் இதை வைத்துச் சீட்டு மாதிரி விளையாடுவோம்: பெயரை மட்டும் காட்டி "எதில் அதிகம்?" என்று கேட்பது. தோற்றவர் பாத்திரம் தேய்க்க வேண்டும்.

பாட வரிசைக்குத் தேவையில்லாத ஒரு கதையும் சொல்கிறேன். இந்த நிறுவனம் பிறந்தது ஹைதராபாத்தில் இல்லை, நம் குன்னூரில். 1918இல் ராபர்ட் மெக்காரிசன் என்ற பிரிட்டிஷ் மருத்துவர், வைட்டமின் பி1 குறைவால் வரும் பெரிபெரி நோயை ஆராய அங்கே ஒரு சின்ன ஆய்வகத்தைத் தொடங்கினார். 1958இல்தான் அது ஹைதராபாத்துக்குப் போனது. அவர் இந்தியாவின் பல பகுதிச் சாப்பாட்டை எலிகளுக்குக் கொடுத்து வளர்த்துப் பார்த்தார். முழுக் கோதுமை ரொட்டியும் பாலும் காய்கறியும் தின்ற எலிகள் முன்னால் நின்றன. தீட்டிய அரிசிச் சோறு தின்ற மதராஸ் எலிகள் கடைசி வரிசை! பிள்ளைகளிடம் சொல்லிப் பாருங்கள், அன்றைக்கு முழுக்க வீட்டில் எலிப் பேச்சுதான்.

சிறுதானியன் | திண்டுக்கல் | ஜூலை 7

இதற்கெல்லாம் இணையமும் அட்டவணையும் எதற்கு? நம் பாட்டிகள் எந்த பிடிஎஃப் படித்தார்கள்? முருங்கைக்கீரையில் பசலைக்கீரையைவிட (பாலக்) 25 மடங்கு இரும்பு இருக்கிறது. அதை வாரம் மூன்று நாள் போட்டாலே பாதிப் பாடம் முடிந்தது. மண்ணில் கைவைக்காத பிள்ளைக்குத் தட்டுப் படம் காட்டி என்ன ஆகப்போகிறது?

தட்டும் தராசும் | சென்னை | ஜூலை 7

அண்ணா, மண்ணில் கைவைப்பது பற்றி எனக்கும் அதே கருத்துதான். ஆனால் அந்த 25 மடங்குதான் அட்டவணை எதற்கு என்ற கேள்விக்குப் பதில். அது காய்ந்த முருங்கைப் பொடியைப் பச்சைப் பசலையோடு ஒப்பிட்டு வந்த எண். தண்ணீர் போய்விட்டால் எந்தக் கீரையும் அப்படித்தான் காட்டும். பச்சைக்குப் பச்சை வைத்தால் 100 கிராமுக்கு முருங்கைக்கீரை சுமார் 4.5 மில்லிகிராம், பசலை சுமார் 3. ஒன்றரை மடங்கு. அதுவும் நல்ல கீரைதான், யார் இல்லை என்றது?

வேப்பம்பூ, இது பெரியவளுக்கு நல்ல பாடம். வாட்ஸ்அப்பில் வருகிற ஐந்து செய்திகளை எடுத்து அட்டவணையோடு ஒப்பிடச் சொல்லுங்கள்.

சிறுதானியன் | திண்டுக்கல் | ஜூலை 8

சரி, அந்த எண்ணை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். நானும் பார்வர்டில் பார்த்ததுதான். ஆனால் என் பங்குக்கு ஒன்று சொல்கிறேன். உணவுப் பாதுகாப்பு ஆணையம், அதாவது எஃப்எஸ்எஸ்ஏஐ, டார்ட் என்று ஒரு கையேட்டை இலவசமாகப் போட்டிருக்கிறது. கலப்படத்தை வீட்டிலேயே கண்டுபிடிக்கும் முறைகள். மிளகைத் தண்ணீரில் போட்டால் நல்ல மிளகு மூழ்கும், பப்பாளி விதை மிதக்கும். மஞ்சள் தூளைத் தண்ணீரில் தூவினால் அடியில் படியும்போது லேசான மஞ்சள் மட்டும் விடும். சாயம் கலந்திருந்தால் தண்ணீர் முழுக்க அடர்மஞ்சளாகிவிடும். கடுகை நசுக்கினால் உள்ளே மஞ்சள், பிரம்மதண்டு விதை என்றால் உள்ளே வெள்ளை. என் தங்கை பையன் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அஞ்சறைப்பெட்டியோடு உட்கார்ந்திருந்தான்.

அதே ஆணையம் பள்ளிப் பிள்ளைகளுக்காக மஞ்சள் புத்தகம் என்று வயதுவாரியாகவும் போட்டிருக்கிறது. படங்கள் அதிகம், விஷயம் கொஞ்சம். சின்னவனுக்கு ஆகும்.

ஸ்கார்பரோ அக்கா | டொராண்டோ | ஜூலை 8

தங்கச்சி, தமிழில் வேணும் எண்டு கேட்டதால் எழுதுறன். இலங்கைக் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின்ர பாடநூல்கள் தமிழ் மொழியிலயே இணையத்தில் இலவசமாக் கிடக்கு. 'சுகாதாரமும் உடற்கல்வியும்' 6ஆம் தரத்திலிருந்து இருக்கு. 10, 11ஆம் தரத்துக்கு 'மனைப்பொருளியல்'. போசணை, உணவு திட்டமிடல், சமையல் முறைகள் எல்லாம் அதில் வரும். உங்கட பக்கம் ஊட்டச்சத்து என்கிறதை நாங்கள் போசணை என்போம், காய்கறி எங்களுக்கு மரக்கறி. பிள்ளைகள் இரண்டு தமிழும் படிச்ச மாதிரியும் இருக்கும்.

நான் இங்க ஒன்ராறியோவில் மகளை வீட்டில் வைத்துப் படிப்பிக்கிறன். பள்ளிக்கூடச் சபைக்கு ஒரு கடிதம் குடுத்தால் சரி, பாடத்திட்டம் எங்கட விருப்பம். கனடாவின்ர உணவு வழிகாட்டி 2019இல் மாத்தினவை. அதின்ர ஒரு பக்கச் சுருக்கம் தமிழிலும் இருக்கு. அரைத்தட்டு மரக்கறியும் பழமும், கால்தட்டு முழுத்தானியம், கால்தட்டு புரத உணவு, குடிக்கத் தண்ணீர். முந்தி இருந்த பால் எண்ட தனிப் பிரிவை எடுத்துப் போட்டினம். உங்கட இந்தியத் தட்டில் பால் தனியா இருக்கு. ஏன் இரண்டு நாடு இரண்டு மாதிரிச் சொல்லுது எண்டு மகளைக் கேட்டன். அவள் யோசிச்சுப்போட்டு "அங்க இறைச்சி குறைவாச் சாப்பிடுற ஆக்கள் கூட, அதாலயோ?" எண்டாள். சரியோ பிழையோ, ஒரு கிழமை அதையே கதைச்சம்.

நெறியாளர் | ஜூலை 9

இந்த இழையில் ஒருவர் குழந்தைகளுக்கான புரோட்டீன் பவுடர் இணைப்பை மூன்று முறை ஒட்டியிருந்தார். நீக்கியாயிற்று. நான்காவது முறை ஒட்டினால் ஆளையும் நீக்கிவிடுவோம்.

புக்கிட் பாத்தோக் அப்பா | சிங்கப்பூர் | ஜூலை 10

பிஸ்கட் பாக்கெட் கேள்விக்கு வருகிறேன். பொட்டலத்தின் முன்பக்கம் விளம்பரம், பின்பக்கம்தான் விவரம். சேர்மானப் பட்டியலில் எடை அதிகமானது முதலில் வரும். இந்தியாவிலும் அதே விதிதான். பையனிடம் பத்துப் பொட்டலங்களைக் கொடுத்து, முதல் மூன்று பெயர்களை மட்டும் எழுதச் சொல்லுங்கள். வேறு பாடமே வேண்டாம்.

இங்கே பானங்களுக்கு நியூட்ரி கிரேடு என்று 2022 டிசம்பர் 30 முதல் ஏ, பி, சி, டி குறியீடு வந்திருக்கிறது. 100 மில்லியில் 10 கிராமுக்கு மேல் சர்க்கரை இருந்தால் டி. நாங்கள் கடைக்குப் போகும்போது மகன் எழுத்தை மறைத்துக்கொண்டு சர்க்கரை அளவைப் படிப்பான், நான் எழுத்தைச் சொல்ல வேண்டும். ஊருக்கு வந்தால் அங்கே குறியீடு இல்லை, அவனே போடுகிறான். போன முறை என் மாமியார் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியில் இருந்த மாம்பழ பானத்துக்கு டி கொடுத்துவிட்டு வந்தான். 200 மில்லிக்கு 24 கிராம், கிட்டத்தட்ட ஐந்து தேக்கரண்டி. சர்க்கரையை அளந்து டம்ளரில் கொட்டிக் காட்டினான். மாமியாருக்கு இன்னும் கோபம்.

ஆங்கிலத்தில் பிரிட்டிஷ் ஊட்டச்சத்து அறக்கட்டளையின் 'ஃபுட் எ ஃபேக்ட் ஆஃப் லைஃப்' தளம் நன்றாக இருக்கிறது. 3 வயது முதல் 16 வரை தனித்தனியாக, கட்டணமில்லை. ஆனால் உருளைக்கிழங்கும் ரொட்டியுமாக இருக்கும். உணவு எங்கிருந்து வருகிறது என்ற பகுதியை மட்டும் எடுத்துக்கொள்கிறோம்.

வேப்பம்பூ | ஈரோடு | ஜூலை 11

எல்லாருக்கும் நன்றி. ஒரு வாரத்துக்குள் இவ்வளவு வரும் என்று நினைக்கவில்லை. அக்கா, மனைப்பொருளியல் புத்தகத்தை இறக்கிவிட்டேன். 'போசணை' என்ற சொல் சின்னவனுக்குப் பிடித்துவிட்டது, எதற்கெடுத்தாலும் போசணை.

ஒரு சந்தேகம். பெரியவள் கைப்பேசியில் கலோரி எண்ணும் செயலி ஒன்றைத் தானே இறக்கி, சாப்பிடுவதை எல்லாம் பதிந்துகொண்டிருக்கிறாள். ஆர்வமாகச் செய்கிறாள். அதையே பாடமாக வைத்துக்கொள்ளலாமா?

தட்டும் தராசும் | சென்னை | ஜூலை 11

வேண்டாம். இதில் மட்டும் நான் கொஞ்சம் கண்டிப்பாகச் சொல்வேன். 13 வயது வளர்கிற வயது. அந்தச் செயலிகள் பெரும்பாலும் பெரியவர்கள் எடை குறைப்பதற்காகச் செய்யப்பட்டவை. தினம் ஒரு இலக்கு, தாண்டினால் சிவப்பு எழுத்து. இதில் தொடங்கிச் சாப்பாட்டுக்கே பயப்படுகிற நிலைக்குப் போன பிள்ளைகளை நான் பார்க்கிறேன். திட்டிப் பிடுங்காதீர்கள். "உன் உடம்பைக் கணக்கெடுக்க வேண்டாம், நம் வீட்டுச் சமையலறையைக் கணக்கெடு" என்று மாற்றி விடுங்கள். வாரத்துக்கு எத்தனை கிலோ அரிசி, எவ்வளவு பருப்பு, எத்தனை கட்டுக் கீரை. எண்ணும் ஆசையும் தீரும், தன் மேல் கத்தியும் விழாது.

கலோரிக்குப் பதிலாக இரும்புச்சத்தைத் தேடச் சொல்லுங்கள். 13 முதல் 15 வயதுப் பெண் பிள்ளைக்கு ஒரு நாளைக்குப் பரிந்துரை 30 மில்லிகிராம், அதே வயதுப் பையனுக்கு 22. நம் சாப்பாட்டில் அந்த 30ஐ எட்டுவது எவ்வளவு கஷ்டம் என்று அவளே போட்டுப் பார்க்கட்டும். நெல்லிக்காய், எலுமிச்சை சேர்த்தால் உடம்பு இரும்பை ஏன் கூடுதலாக எடுத்துக்கொள்கிறது, சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் ஏன் குறைகிறது என்பதும் அதிலேயே வந்துவிடும். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. நம்மில் பாதிக்கு மேல்.

கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். பள்ளிக்குப் போகும் பிள்ளைகளுக்கு வாரம் ஒரு இரும்புச்சத்து மாத்திரையும், வருஷத்துக்கு இரண்டு முறை குடற்புழு மாத்திரையும் பள்ளியிலேயே கிடைத்துவிடும். வீட்டில் படிக்கும் பிள்ளைகளுக்கு இது கைநழுவிப் போகிறது. பள்ளிக்குப் போகாத பிள்ளைகளுக்கு அங்கன்வாடியில் கொடுக்க ஏற்பாடு இருக்கிறது. போய்க் கேளுங்கள். பெரியவளுக்கு ஒருமுறை ஹீமோகுளோபின் பார்த்துவிடுவதும் நல்லது.

காணொளி வேண்டுமென்றால் ஐஐடி பம்பாயின் ஸ்போக்கன் டுடோரியல் திட்டத்தில் உடல்நலம், ஊட்டச்சத்து வரிசை ஒன்று இருக்கிறது, தமிழிலும் உண்டு. முக்கியமாகக் கைக்குழந்தைகளின் தாய்மாருக்கானது, குரல் கொஞ்சம் தூக்கம் வரவைக்கும். ஆனால் புரதம், துத்தநாகம், இரும்பு பற்றிய பகுதிகளும் சமையல் குறிப்புகளும் தெளிவு.

கணக்கு வாத்தியார் | கும்பகோணம் | ஜூலை 12

பெரியவளைத் திறந்தநிலைப் பள்ளியில், அதான் என்ஐஓஎஸ்ஸில், பத்தாம் வகுப்பு எழுத வைக்கும் எண்ணம் இருந்தால் மனையியலை ஒரு பாடமாக எடுக்கலாம். பாட எண் 216. புத்தகம் அவர்கள் தளத்தில் ஆங்கிலத்தில் இலவசம். எழுதாவிட்டாலும் உணவுப் பகுதியைப் படிக்கலாம். பதினான்கு வயது முடிய வேண்டும் என்பதால் இப்போது அவசரமில்லை.

சின்னவனுக்குப் பாடம் என்று தெரியாமல் படிக்க, ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் இலவசம். சந்தை, சமையல், வயல் பற்றி நிறைய உண்டு. என் பேத்திக்கு இரவில் அதுதான்.

வேப்பம்பூ | ஈரோடு | ஆகஸ்ட் 14

ஒரு மாதம் கழித்து வருகிறேன், கணக்கு ஒப்புவிக்க.

செயலியை அவளே எடுத்துவிட்டாள். சமையலறைக் கணக்கு இப்போது ஒரு தனி நோட்டு. சமையல் தராசு 400 ரூபாய்க்கு வாங்கினோம், இந்தப் பாடத்துக்கு இதுவரை நாங்கள் செய்த ஒரே செலவு அதுதான். முதல் வாரமே எனக்கு அடி. அரைக்கீரை ஒரு கட்டை ஆய்ந்து, தண்டு நீக்கி நிறுத்தால் 210 கிராம். வாரத்துக்கு மூன்று கட்டு வாங்கிக்கொண்டு, நாங்கள் நிறையக் கீரை சாப்பிடுகிற குடும்பம் என்று நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். நாலு பேருக்கு, ஆளுக்கு 100 கிராம் என்றால் வாரத்துக்கு 2,800 கிராம். எங்களிடம் இருந்தது 630. சின்னவனுக்குக் குறைத்துப் போட்டாலும் பெரிய வித்தியாசமில்லை. "கால்வாசிகூட இல்லம்மா" என்று நோட்டில் சிவப்பில் கோடு போட்டாள்.

அடுத்து இட்லி. நாலு டம்ளர் அரிசி 800 கிராம், ஒரு டம்ளர் உளுந்து 190. மாவு முழுவதையும் ஊற்றி எண்ணியதில் 48 இட்லி. ஒரு இட்லிக்கு உளுந்து 4 கிராம். நாலு இட்லி சாப்பிட்டால் 16. சாம்பாரில் அளந்தது ஆளுக்கு 15. பருப்பு 85க்கு இன்னும் எங்கேயோ போக வேண்டும். இப்போது மாலையில் சுண்டல் அவள் பொறுப்பு. சிறுதானியன் அண்ணாவுக்காகச் சொல்கிறேன், கொள்ளும் பாசிப்பயறும் முளைகட்டித்தான்.

மிளகுச் சோதனையில் ஒரு கலவரம். ஏழு மிளகு மிதந்தது. சின்னவன் நேராக மளிகைக்கடைக்கு ஓடி, "அண்ணாச்சி, உங்க மிளகுல பப்பாளி விதை இருக்கு" என்று வாடிக்கையாளர்கள் முன்னாலேயே சொல்லிவிட்டான். அண்ணாச்சி கோபப்படவில்லை. மிதந்ததை எடுத்து வரச் சொல்லி, நகத்தால் உடைத்துக் காட்டினார். மிளகுதான், உள்ளே பொக்கு. விளையாத மிளகும் மிதக்குமாம். கையேட்டில் இந்த வரியைச் சேர்க்கச் சொல்லி ஆணையத்துக்குக் கடிதம் எழுதுகிறான்.

அங்கன்வாடியில் முதல் நாள் "உங்க பிள்ளை எந்த ஸ்கூல்?" என்று இழுத்தார்கள். அப்புறம் பெயரைப் பதிந்துகொண்டு மாத்திரை கொடுத்தார்கள். பெரியவளுக்கு ஹீமோகுளோபின் 10.8, குறைவுதான். மருத்துவரைப் பார்த்தாயிற்று.

கடைசியாக அந்த பிஸ்கட். பின்பக்கத்தைப் படித்தான். முதல் பெயர் மைதா, இரண்டாவது சர்க்கரை. கோதுமை மாவு நாலாவதோ ஐந்தாவதோ. "பாத்தியா?" என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "மைதாவும் கோதுமைலேர்ந்துதானே வருது? அப்ப படம் பொய் இல்லையே" என்கிறான். மறுபடியும் என்னிடம் பதில் இல்லை.

கணக்கு வாத்தியார் | கும்பகோணம் | ஆகஸ்ட் 14

பையன் சொல்வது சரிதானே! இதற்கு இணையத்தில் தேடாதீர்கள். ஒரு கிலோ கோதுமையை எடுத்துக்கொண்டு பக்கத்து மாவு மில்லுக்கு அவனையும் கூட்டிப்போங்கள். அரைத்து வந்ததும் துணியில் சலித்து, மேலே நிற்கிற தவிட்டை அவன் நிறுக்கட்டும். மைதாவில் எது இல்லை என்பது கையில் இருக்கும். அப்புறம் அந்தக் குன்னூர் எலிக் கதையை இன்னொரு தடவை சொல்லுங்கள்.

வேப்பம்பூ | ஈரோடு | ஆகஸ்ட் 15

சனிக்கிழமை போகிறோம் சார். மில்லுக்கே தராசை எடுத்துக்கொண்டு வருவேன் என்கிறான்.